மயங்கி விழுந்தவர் நலமாக இருக்கிறார்

வருஷத்துக்கு ஒருமுறை பொன்னுரங்கம் விஷவாயு தாக்கி மயங்கி விழுவார். அதற்காகக் கம்பெனியில் அவருக்கு ஒரு டீயும் இரண்டு சமோசாவும் கூடுதலாகக் கிடைக்கும்.

எண்ணூர் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது அந்த ரசாயனக் கம்பெனி. வருஷா வருஷம் அங்கே பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். சைரன் ஊதும். எல்லாரும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடி ஒரு மரத்தடியில் வரிசையாக நிற்க வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் ஓடாமல் விழ வேண்டும். முகமூடி போட்ட ஆட்கள் வந்து அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போட்டு ஆம்புலன்சுக்கு ஓடுவார்கள். இதையெல்லாம் ஒரு அதிகாரி கையில் கடிகாரத்தோடு பார்த்து, போன வருஷத்தைவிட வேகம் என்று பாராட்டிவிட்டுப் போவார்.

விழுகிற வேலையை நிரந்தரத் தொழிலாளர்கள் யாரும் ஏற்கவில்லை. வீட்டில் தெரிந்தால் அபசகுனம் என்பார்களாம். ஆகவே அந்தப் பொறுப்பு காண்ட்ராக்ட் ஆட்களிடம் வந்து சேர்ந்தது, மற்ற எல்லாப் பொறுப்புகளையும் போலவே. முதலில் முயன்ற ஒருவருக்கு ஸ்ட்ரெச்சரில் வைத்ததும் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொருவர் ஆம்புலன்ஸ் கதவு மூடுவதற்குள் ஒரு கண்ணைத் திறந்து செல்போனைப் பார்த்தார். பொன்னுரங்கம் அப்படி இல்லை. விழுந்தார் என்றால் விழுந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். ஒரு வருஷம் வெளியிலிருந்து வந்திருந்த அதிகாரி கலவரமாகி, குனிந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

மற்ற நாட்களில் மூட்டை தூக்குவார், டிரம் கழுவுவார், கழுவிய டிரம்மை உருட்டுவார். ஒன்பது வருஷமாக இதே கேட்டு, இதே காண்ட்ராக்டர். குடியிருப்பது விம்கோ நகரில் ஒரு சந்துக்குள், வாடகை வீடு. மனைவி மலர்க்கொடி வண்ணாரப்பேட்டையில் ரெடிமேடு சட்டைகளுக்குக் காலர் தைக்கிறார். சொத்து என்று அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான்: பொன்னுரங்கத்தின் கேட் பாஸ். அதில் வேலைக்குச் சேர்ந்த தேதி அச்சடித்திருக்கிறது. இத்தனை வருஷம் தொடர்ந்து உழைத்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று காண்ட்ராக்ட் ஆட்கள் சிலர் சேர்ந்து போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கத்தின் பக்கம் அந்தத் தேதிதான் சாட்சி. மலர்க்கொடி தீபாவளிக்குப் பாத்திரம் துலக்கும்போது பாஸையும் வாங்கித் துடைத்துக் கொடுப்பார்.

இந்த வருஷ ஒத்திகையில் பொன்னுரங்கம் ஒரு தவறு செய்தார். விழுந்த பிறகு காலை இரண்டு தடவை உதறிக் காட்டினார். அது திட்டத்தில் இல்லாத ஒன்று. ஆர்வக்கோளாறு.

மதில்சுவருக்கு வெளியே நின்றிருந்த லாரியின் மேலேறி யாரோ அதைப் படம் எடுத்துவிட்டார்கள். சைரன், முகமூடிகள், ஓட்டம், நடுவில் உதறும் இரண்டு கால்கள். பொன்னுரங்கம் இரண்டாவது சமோசாவைக் கடிப்பதற்குள் அந்தப் படம் ராயபுரம் வரை போய்விட்டது.

சாயந்திரம் அவர் வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது மலர்க்கொடி மெட்ரோவிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"யோவ், நீ ஆஸ்பத்திரில கீறன்னாங்களே."

"யாரு சொன்னது?"

"போன்ல வந்துச்சு."

"நா வூட்ல கீறேன். உன் எதிர்லதான் நின்னுகினு கீறேன்."

"அது தெரியுது." மலர்க்கொடி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா மூஞ்சி வெளுத்துக் கீதே."

"மூட்டை தூக்குன மாவு, அது. கழுவிக்கினு வர்றதுக்குள்ள நீ வந்துட்ட."

கழுவிய பிறகும் மலர்க்கொடி கொஞ்ச நேரம் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கண்ணுக்கு எதிரே நிற்கிற மனுஷன் ஒரு பக்கம், போனில் துடிக்கிற மனுஷன் ஒரு பக்கம். போனில் இருப்பவருக்குப் பின்னணி இசை வேறு சேர்த்திருந்தார்கள்.

சந்து முனையில் டென்னிஸின் செல்போன் கடை. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வைத்த மளிகைக் கடையைப் பாதியாகத் தடுத்து, ஒரு பாதியில் புளி, மிளகாய், மறு பாதியில் சார்ஜர், கண்ணாடி ஒட்டுதல். இத்துடன் டென்னிஸ் 'விம்கோ நகர் விழிப்பு' என்று ஒரு குரூப்பும் நடத்தினார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மழை வெள்ளத்தில் எந்தக் கடையில் பால் இருக்கிறது என்று சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்த வெள்ளத்தில் கிடைத்த பெயரை வெயில் காலத்திலும் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் நேரே கடைக்குப் போனார்.

"டென்னிசு, அந்தப் படத்துல கீறது நான்தான்."

"தெரியும்ணே. உங்களப் பாத்ததும் மனசு கேக்கல. உடனே போட்டுட்டேன்."

"எனக்கு ஒண்ணும் ஆவல. அது ஒத்திகை."

"அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க."

"யாரு?"

டென்னிஸ் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, என்கிட்ட மறைக்காதீங்க. வாயத் திறக்காம இருக்கக் கம்பெனி எவ்ளோ குடுத்துச்சு?"

"ரெண்டு சமோசா."

டென்னிஸ் மரியாதையாகச் சிரித்தார். பெரிய தொகை வாங்கியவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது.

எப்படியோ பேசி, மன்றாடி, தான் உயிரோடும் நலமாகவும் இருப்பதாகச் சொல்லும் ஒரு வீடியோவை எடுக்க அவரைச் சம்மதிக்க வைத்தார் பொன்னுரங்கம். கடை வாசலில், சீரகப் பாக்கெட்டுகள் பின்னால் தொங்க, நிமிர்ந்து நின்றார். மயங்கி விழச் சொன்னால் மலைக்காத மனுஷனுக்கு நிஜத்தைச் சொல்லச் சொன்னதும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "வணக்கம். நான் பொன்னுரங்கம். நான் நல்லாக் கீறேன்" என்று சொல்வதற்குள் நாலு முறை எச்சில் விழுங்கினார். பக்கவாட்டில் மலர்க்கொடி நின்றுகொண்டு, சத்தமாகப் பேசு என்று சைகை காட்டியதும் படத்தில் விழுந்தது.

பதில்கள் வந்து குவிந்தன. அவர் கண்ணைப் பாருங்கள், யாரோ மிரட்டுகிறார்கள் என்றது ஒன்று. ஓரத்தில் நின்று கையைக் காட்டும் பெண்தான் கம்பெனியின் ஆள் என்று இன்னொன்று கண்டுபிடித்தது. இவர் அவரே அல்ல, அவர் இன்னும் உயரம் என்றார் ஒருவர். படுத்திருந்த ஆளின் உயரத்தை அவர் எப்படி அளந்தாரோ. இதையெல்லாம் பொன்னுரங்கம் பொறுத்துக்கொண்டார். 'நடிப்பு சுமார்' என்று ஒருவர் எழுதியிருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஜனங்களைக் குறை சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. கண் எரிந்து, மூச்சு அடைத்து, ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ராத்திரிகள் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் உண்டு. அந்த ஒவ்வொரு ராத்திரியும் விடிந்ததும் யாராவது ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார். 'ஒன்றுமில்லை' என்ற சொல்லே இங்கே கெட்டுப்போய்க் கிடக்கிறது. கீழே விழுந்தது வேறு யாராகவாவது இருந்து, அவர் எழுந்து வந்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால், முதலில் நம்ப மறுப்பவர் பொன்னுரங்கமாகத்தான் இருப்பார். இது அவருக்கும் தெரிந்திருந்ததுதான் பெரிய பேஜாரு.

மறுநாள் கம்பெனி அறிக்கை வெளியிட்டது. எந்தக் கசிவும் இல்லை, நடந்தது ஒத்திகை. நல்லது. கூடவே ஒரு வரி: காணொளியில் காணப்படும் நபர் எங்கள் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. எழுத்துப்படி பார்த்தால் அதுவும் சரிதான். அவர் காண்ட்ராக்டரின் ஆள். கம்பெனியின் டிரம்மை, கம்பெனிக்குள், கம்பெனியின் சோப்பில் கழுவும் வெளியாள். உண்மை அறியும் பக்கம் ஒன்று அந்த அறிக்கையை எடுத்து, பொன்னுரங்கத்தின் முகத்துக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் 'பொய்' என்று முத்திரை குத்தி வெளியிட்டது. நல்ல தெளிவான படம். மூக்கு மேல் 'பொ'வும் கன்னத்தில் 'ய்'யும் விழுந்திருந்தன.

அன்றைக்குக் கேட்டில் பாஸை நீட்டியதும் செக்யூரிட்டி வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவில்லை. காண்ட்ராக்டர் இசக்கிப்பாண்டி உள்ளேயிருந்து வேகமாக வந்தார்.

"ஏய் பொன்னுரங்கம், நீ ஏன்டே இங்க வந்த?"

"வேலைக்கு வந்தேன் அண்ணாச்சி."

"நீ இங்க வேலை பாக்கலன்னு கம்பெனி பேப்பர் குடுத்துருக்கு. இப்ப நீ உள்ள போனா கம்பெனி பொய் சொன்ன மாதிரி ஆயிரும்லா."

"நா இங்கதான அண்ணாச்சி வேலை செய்றேன்?"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமா? கொஞ்ச நாள் ஆறப் போடுவோம்."

"வெளிய ஊர்ல நா செத்துக்கினு கீறேன்றாங்க. உள்ள அப்பிடி ஒரு ஆளே இல்லன்றீங்க. நா எங்கதான் நிக்கிறது?"

இசக்கிப்பாண்டி இதை நேர்மையாக யோசித்தார். "கேட்டுக்கு ஓரமா நில்லு. நடுவுல நின்னா லாரி வரும்."

பிறகு தோளில் கைபோட்டு ஒரு வழியும் சொன்னார். நான் அந்தக் கம்பெனியில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை என்று ஒரு வீடியோ போட்டுவிட வேண்டும். விஷயம் அடங்கியதும் வேறொரு யூனிட்டில் புது பாஸ் வாங்கித் தருவது அவர் பொறுப்பு.

வீட்டில் இதைச் சொன்னபோது மலர்க்கொடி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நா அங்க வேலையே செய்யலன்னு உன் வாயால நீயே சொல்லிட்டா, கேஸ் இன்னாவும்?"

"அதான் ரோசன."

"இதுல இன்னா ரோசன? ஒம்போது வருசத்த சமோசாவோட சேத்து முழுங்கப் பாக்குறாரு உங்க அண்ணாச்சி. பழைய பாஸக் குடுக்கச் சொல்லு. அந்தத் தேதியோட."

"குடுக்க மாட்டேன்றாங்களே."

"குடுக்குற வரிக்கும் போய் நில்லு. டெய்லி நில்லு. சோறு கட்டிக் குடுக்கறேன்."

அப்படித்தான் பொன்னுரங்கம் கேட்டுக்கு ஓரமாக நிற்கத் தொடங்கினார். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஷிப்டு நேரத்துக்குச் சரியாகப் போய், டிபன் பாக்ஸோடு நிற்பார். மதியம் மதில் நிழலில் சாப்பிடுவார். உள்ளே போகிறவர்கள் முதல் நாள் நின்று விசாரித்தார்கள். அடுத்த நாள் தலையாட்டினார்கள். அதற்கும் அடுத்த நாள் போனைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு நாய் மட்டும் தினமும் வந்து மீன் முள்ளுக்காகக் காத்திருந்தது.

ஒரு நாள் மதியம், டிபன் பாக்ஸின் கொக்கியை நெம்பும் நேரத்தில் டென்னிஸ் ஸ்கூட்டரில் பறந்து வந்தார்.

"அண்ணே, மூடுங்க, மூடுங்க."

"இன்னா?"

"மொதல்ல மூடுங்க. நீங்க உண்ணாவிரதம்."

"நானா? எப்போலேர்ந்து?"

"காலைலேர்ந்து. நீங்க நிக்கிற போட்டோவ நான்தான் போட்டேன். 'நீதி கேட்டு'ன்னுதான் போட்டேன். யாரோ அத எடுத்து 'உண்ணாவிரதம்'னு மாத்திட்டாங்க. அதுதான் இப்ப எல்லா எடத்துலயும் ஓடுது."

"நா காலைல அஞ்சு இட்லி துன்னுட்டு வந்தேன்டா."

"அது யாருக்கும் தெரியாதுல்ல."

"என் வவுத்துக்குத் தெரியும். நவுரு, பசிக்கிது."

"அண்ணே, அங்க பாருங்க." டென்னிஸ் கேட்டின் கம்பிகளுக்கு ஊடே காட்டினார். உள்ளே நாலைந்து பேர் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொன்னுரங்கத்தின் பக்கம் விரலை நீட்டினார். "இத்தன நாளா உங்கள ஒருத்தன் திரும்பிப் பாத்தானா? இப்ப எச்.ஆர். மேடமே வராங்களாம். சாயந்திரம் சாப்புடுங்க, யாரு வேணாம்னா?"

பொன்னுரங்கம் டிபன் பாக்ஸைப் பார்த்தார். உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும். மூடியை மூடினாலும் வாசம் மூடிக்கொள்ளவில்லை.

அதற்குள் கூட்டம் சேரத் தொடங்கியது. ஒரு கட்சிக்காரர்கள் சாமியானா கொண்டுவந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, சாமியானாவுக்கு வெளியே வெயிலில் நின்று தங்கள் கொடியைப் பிடித்தார்கள். ஒருவர் மாலை போட்டார். இன்னொருவர் அவர் நாக்கைப் பார்த்துவிட்டு, நாலு நாள் பட்டினியில் வறண்டிருக்கிறது என்று நேரலையில் சொன்னார். பொன்னுரங்கத்துக்கு வந்த ஆத்திரத்தில் மாலையைப் பிய்த்து வீசிவிட்டு, அடப்பாவிகளா, எனக்கு மயக்கமும் வரவில்லை, நான் பட்டினியும் இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. பசியில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று போடுவார்கள். அல்லது, கம்பெனி மறுபடியும் காசு கொடுத்துவிட்டது என்று. அவர் வாயை மூடிக்கொண்டார். பொய்ப் பட்டினி என்று வயிறு ஒன்றும் சலுகை காட்டவில்லை. அது பாட்டுக்கு நிஜமாகவே எரிந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலர்க்கொடி வந்தார்.

"யோவ், நா கட்டிக் குடுத்த சோறு இன்னாச்சு?"

"மெதுவாப் பேசு. நா உண்ணாவிரதம்."

"யாரக் கேட்டுக்கினு?"

"எனக்கே இப்பத்தான் சொன்னாங்க."

மலர்க்கொடி சாமியானாவைப் பார்த்தார், கொடிகளைப் பார்த்தார், கேட்டைத் திறந்துகொண்டு வரும் ஆட்களைப் பார்த்தார். டிபன் பாக்ஸை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "கருவாடு வாசன வருது. அப்பால தள்ளி நிக்கிறேன்."

எச்.ஆர். அதிகாரி ஷெர்லின் ஒரு கையில் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டும் இன்னொரு கையில் புதிதாக லாமினேட் செய்த பாஸுமாக வந்தார். பின்னால் கம்பெனியின் போட்டோகிராபர்.

"மிஸ்டர் பொன்னுரங்கம், உங்க உணர்வுகளை நிர்வாகம் மதிக்கிறது. இதைக் குடிச்சு முடிச்சுக்கலாம்."

"பாஸு, மேடம்?"

"குடிங்க. பாஸ் ரெடியா இருக்கு."

"மேடம், நா உண்ணாவிரதமே இல்ல. எனக்குப் பாஸு மட்டும் குடுத்தாப் போதும்."

"ஜூஸ் குடிக்காம எப்படி முடிச்ச மாதிரி ஆகும்?" என்றார் ஷெர்லின். கேள்வியில் நியாயம் இருந்தது. ஸ்ட்ரா உதட்டுக்கு வந்தது. பொன்னுரங்கம் ஒரு வாய் உறிஞ்சினார். கைதட்டல். போட்டோ. வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு வாய், இன்னொரு போட்டோ. உண்ணாவிரதம் வெற்றி, கம்பெனி பணிந்தது என்று டென்னிஸ் அங்கேயே நின்று தட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். சாமியானாக்காரர்கள் வெற்றி தங்களுடையது என்றார்கள். கொடிக்காரர்கள், தாங்கள் வெயிலில் நின்றதால்தான் வெற்றி என்றார்கள். கழிகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றியதும் கேட்டு வாசல் பழையபடி வெறிச்சென்று ஆனது.

பாஸை முதலில் வாங்கிப் பார்த்தவர் மலர்க்கொடி.

"இன்னாம்மா இது? சேந்த தேதி இன்னிக்கித் தேதியாக் கீது?"

"சிஸ்டத்துல பழைய ரெகார்டு இல்லைம்மா," என்றார் ஷெர்லின். குரல் கனிவாகவே இருந்தது. "இவர் எங்ககிட்ட வேலை பார்க்கலன்னு நிர்வாகம் ஏற்கனவே அறிக்கை கொடுத்திருக்கு. அதை மாத்த முடியாது. இன்னிலேருந்து வேலை பார்க்கிறார்னு வெச்சுக்கிட்டா அதுவும் உண்மை, இதுவும் உண்மை. யாருக்கும் பிரச்சினை இல்ல."

பொன்னுரங்கம் பாஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டோ அவருடையதுதான். பெயரும் அவருடையதுதான். காலையில் பிறந்த குழந்தைக்கு நாற்பத்தைந்து வயசு முகத்தை ஒட்டியதுபோல் இருந்தது. அதை ஷெர்லினின் கையிலேயே வைத்தார். பிறகு, இத்தனை நாளாக நின்றுகொண்டே இருந்தவர், மதில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"பழைய பாஸக் குடுங்க மேடம். அந்தத் தேதி வேணும். வர்ற வரிக்கும் பச்சத் தண்ணி தவுத்து வேற தொட மாட்டேன்."

ஷெர்லினுக்கு உண்மையிலேயே குழப்பம். "நீங்கதான் இப்ப முடிச்சீங்களே? போட்டோகூடப் போயாச்சே."

"அது உங்க உண்ணாவிரதம். என்து இப்பத்தான் ஆரம்பிக்குது."

ஷெர்லின் பாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கேட்டு மூடிக்கொண்டது. பொன்னுரங்கம் டென்னிஸுக்குப் போன் போட்டார்.

"டென்னிசு, திரும்பி வா. இப்ப நெசமாவே குந்திட்டேன்."

"அண்ணே, வெளையாடாதீங்க. வெற்றின்னு போட்டு ஊரே பாத்தாச்சு. இப்பப் போயி இன்னும் முடியலன்னு போட்டா, என்னப் பொய்க்காரன்னு சொல்ல மாட்டாங்களா? எனக்குன்னு ஒரு பேர் இருக்குல்ல?"

போன் வைக்கப்பட்டது. ஷிப்டு முடிந்து வெளியே வந்தவர்கள், மாலையோடு தரையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, வெற்றிக் களைப்பு என்று நினைத்துக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் விளக்கினார். ஒவ்வொருவரும் போனை எடுத்து, ஜூஸ் குடிக்கும் படத்தை அவரிடமே காட்டினார்கள்.

மலர்க்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைப்பையைத் தனக்கு மறுபக்கம் தள்ளி வைத்தார். அவருடைய போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கணவரிடம் நீட்டினார். குடும்ப குரூப்பில் மாம்பழ ஜூஸ் படம். அதன்கீழே, பொன்னுரங்கம் வேலையில் சேர்ந்துவிட்டார், இன்னும் உண்ணாவிரதம் இருப்பதாக வரும் வதந்திகளை யாரும் நம்ப வேண்டாம்.

"யாரு போட்டது?"

"புளியாந்தோப்புல கீற எங்க அண்ணன்."

"போன் போட்டு அவனாண்ட சொல்லேன்."

"போட்டேன்," என்றார் மலர்க்கொடி. "நீ அங்கேர்ந்துகினு சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும், எல்லாம் செக் பண்ணிட்டுதான் போட்டேன்றான்."